எழுதும் முன் ஒரு பாட்டு

கதை எழுதுவோர் தமக்கென்று பாடல் பட்டியல் வகுத்துக்கொள்ளும் வழக்கம் கைப்பேசிக் காலத்தில் தோன்றிய புதுமை போலத் தோன்றலாம். பாலக்காட்டிலிருந்து இடுக்கி வரை நீளும் எல்லை நிலத்தில் அதற்கு நெடிய மரபு உண்டு. அந்த மரபிலிருந்து இன்றைய எழுத்தாளர் கற்க வேண்டியதும் உண்டு.

புனைகதை எழுதுவோரிடையே இன்று பரவிவரும் வழக்கங்களுள் ஒன்று, எழுதவிருக்கும் கதையின் உணர்வுக்குப் பொருந்தும் பாடல்களை முன்கூட்டியே தேர்ந்து வரிசைப்படுத்திக்கொண்டு, எழுதும் வேளையிலோ எழுத அமர்வதற்குச் சற்று முன்போ அவற்றைக் கேட்பதாகும். இளையோர் 'பிளேலிஸ்ட்' என்று சொல்லும் இந்தப் பாடல் பட்டியலை, நாவலின் நாயகிக்கு ஒரு பகுதி, மழைக்காலக் காட்சிகளுக்கு ஒரு பகுதி, சாவு வீட்டுக் காட்சிக்கு ஒரு பகுதி என்று பிரித்து வைப்போரும் உண்டு. வேலையைத் தள்ளிப்போட ஒரு சாக்கு என்று இதை ஒதுக்குவோரும், இது இல்லாமல் ஒரு வரியும் நகராது என்று நம்புவோரும் இருக்க, இரு தரப்பாரும் கேட்கத் தவறும் கேள்வி ஒன்று உள்ளது: இசை கதைக்கு உண்மையில் எதைத் தருகிறது, எந்த இடத்தில் தருகிறது, எந்த இடத்தில் பறித்துக்கொள்கிறது என்பதே அது.

இக்கேள்வியை ஆராய, பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லையோரம் மிகப் பொருத்தமான களம். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடும், திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த சித்தூர், தேவிகுளம், பீர்மேடு வட்டங்களும் கேரளத்தின் பகுதிகளாயின. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து வயல்களிலும், மூணாறு, மறையூர், வண்டன்மேடு பக்கத்துத் தேயிலை, ஏலத் தோட்டங்களிலும் தமிழ் பேசுவோரின் வாழ்வு அதன் பின்னும் தொடர்ந்தது. ஒரே தெருவில் இரு மொழிப் பாட்டுகளும் ஒலிக்கும் இந்நிலத்தில், எந்தப் பாட்டு எந்தக் கதையைத் திறக்கும் என்பது எழுத அமரும் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே தீர்த்துக்கொள்ள வேண்டிய வினாவாகிறது. இப்பகுதியின் கலை மரபையும், உளவியலார் செய்த ஆய்வுகளையும், எழுத்தாளர் சிலரின் அனுபவங்களையும் சேர்த்து நோக்கினால் ஒரு முடிவு துலங்குகிறது. எழுதுபவரைக் கதையின் நிலத்துக்குள்ளும் காலத்துக்குள்ளும் கொண்டுபோய்ச் சேர்ப்பதே இசையின் வேலை. சேர்த்த பின் அது விலகி நிற்க வேண்டும்.

நிலத்துக்கு ஒரு பண்

கதையின் உணர்வையும் இசையையும் இணைத்து எண்ணுவதற்குத் தமிழில் இலக்கணமே உண்டு. தொல்காப்பியத்தின் பொருளதிகாரம், அகப்பாடலுக்கு வேண்டியவற்றை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றாக வகுக்கிறது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும்; உரிப்பொருள் என்பது அந்நிலத்துக்குரிய மன உணர்வு; கருப்பொருள் என்பது அந்நிலத்தில் காணப்படும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியவை. இந்தக் கருப்பொருள் வரிசையில் பறையும் யாழும் வைக்கப்பட்டிருப்பதே இங்குக் கருதத்தக்கது. பிற்கால இலக்கண நூல்கள் விரித்துரைத்தபடி, மலை நிலமான குறிஞ்சிக்குத் தொண்டகப் பறையும் குறிஞ்சிப் பண்ணும், காட்டு நிலமான முல்லைக்கு ஏறுகோட் பறையும் முல்லைப் பண்ணும், வயல் நிலமான மருதத்துக்கு நெல்லரிகிணையும் மருதப் பண்ணும், கடற்கரையான நெய்தலுக்கு மீன்கோட் பறையும் செவ்வழிப் பண்ணும், வறண்ட பாலைக்குத் துடியும் பஞ்சுரப் பண்ணும் உரியன. பண் என்பது சுரங்களின் குறிப்பிட்ட அமைப்பால் குறிப்பிட்ட உணர்வை எழுப்பும் இசை வடிவம். பின்னாளில் இராகம் என்று வழங்கியதற்கு நெருங்கியது.

குறிஞ்சிப் பாட்டு ஒன்றை இயற்ற முற்படும் புலவர், அந்நிலத்தின் மரத்தையும் பறவையையும் அறிந்திருப்பது போலவே அதன் ஒலியையும் அறிந்திருக்க வேண்டும் என்பது இவ்விதியின் உட்கிடை. பாடல் பட்டியல் வகுக்கும் இன்றைய நாவலாசிரியரும் ஏறத்தாழ இதையே செய்கிறார் என்றாலும், ஒரு வேறுபாடு உண்டு. இன்றைய பட்டியல்களில் பெரும்பாலானவை எழுதுபவரின் மனநிலையை மாற்றுவதற்காக வகுக்கப்படுபவை. தொல்காப்பியர் சொல்லும் யாழோ, கதை மாந்தர் வாழும் உலகின் ஒரு பொருள்; அவர்கள் காதில் விழுவது. தலைவி எதைக் கேட்டு வளர்ந்தாள், அவள் ஊரில் சாவுக்கு என்ன வாசிக்கிறார்கள், அறுவடையின்போது என்ன பாடுகிறார்கள் என்று அறிந்தவரே அவள் கதையைச் சொல்லத் தகுதி பெறுகிறார்.

இயல், இசை, கூத்து மூன்றையும் ஒருங்கே தாங்கிய சிலப்பதிகாரம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அதன் கதை திரும்பும் இடங்களில் எல்லாம் ஒரு பாட்டு நிற்கிறது. புகார்க் கடற்கரையில் கோவலனும் மாதவியும் யாழிசைத்துப் பாடும் கானல்வரியில், ஒருவர் பாட்டை மற்றவர் தவறாகப் பொருள்கொள்வதால் பிரிவு நேர்ந்து, அங்கிருந்தே காப்பியத்தின் துயரம் தொடங்குகிறது. மதுரைக்குச் செல்லும் வழியில் எயினரின் வேட்டுவ வரி; தீய குறிகள் கண்டு அஞ்சிய ஆயர் மகளிரின் ஆய்ச்சியர் குரவை; கண்ணகி விண்ணேறியதைக் கண்ட மலைக்குறவரின் குன்றக்குரவை. ஒவ்வொன்றும் அந்தந்த நிலத்து மக்களின் வாயிலிருந்து எழுவதோடு, அடுத்து வரவிருக்கும் நிகழ்ச்சிக்குக் கேட்பவரின் மனத்தைத் தயார் செய்தும் வைக்கிறது.

குன்றக்குரவை நிகழ்ந்த மலை என்று மக்கள் நம்பும் இடத்தில், இடுக்கி மாவட்டமும் தேனி மாவட்டமும் சந்திக்கும் எல்லையில், மங்கலதேவி கண்ணகி கோயில் உள்ளது. பெரியாறு புலிகள் காப்பகப் பகுதியில் அமைந்த அக்கோயிலுக்கு ஆண்டுக்கு ஒரு நாள், சித்திரை முழுநிலவு அன்று, இரு மாநிலத்து மக்களும் மலையேறி வருகிறார்கள். இடுக்கிக் காடுகளில் வாழும் மன்னான் பழங்குடியினரின் கூத்தும் கோவலன் கண்ணகி கதையைப் பாட்டும் ஆட்டமுமாகச் சொல்வது. பாட்டின் வழியே கதைக்குள் நுழையும் வழக்கம் இம்மலைகளில் ஏட்டுச் செய்தியாக முடிந்துவிடவில்லை.

பாட்டு முதலில், உரைநடை பிறகு

பாலக்காட்டுப் பக்கத்தில் இதே வழக்கத்தைத் தோல்பாவைக்கூத்து இன்னும் துல்லியமாகக் காட்டுகிறது. பகவதி கோயில்களில், கூத்துமாடம் எனப்படும் நிலையான மேடையில், வெள்ளைத் துணித் திரைக்குப் பின்னால் வரிசையாக 21 விளக்குகள் ஏற்றி, தோலில் வெட்டிய பாவைகளின் நிழலால் இராம கதையைக் காட்டும் கலை அது. மலையாள நாட்டுக் கோயில்களில் நிகழும் இக்கூத்தின் மூலநூல் தமிழிலுள்ள கம்பராமாயணம் என்பது எல்லை நிலத்தின் இயல்பை விளக்கப் போதுமானது. பாவை ஆட்டும் புலவர்கள் முதலில் கம்பன் பாட்டைப் பண்ணோடு பாடுவார்கள். பின்னர் அதன் பொருளைத் தமிழும் மலையாளமும் கலந்த உரைநடையில் விரிப்பார்கள். அவ்விரிவுரையில் கிளைக்கதையும் உவமையும் வாதமும் புலவரின் புலமைக்கு ஏற்ப வளரும். ஷொரணூரை அடுத்த கூனத்தறையில் கிருஷ்ணன்குட்டிப் புலவரின் குடும்பம் பேணிவரும் இக்கலைக்காக அவர் மகன் இராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

எழுத்தாளர்கள் இக்கூத்திலிருந்து கற்பதற்கு இரண்டு செய்திகள் உண்டு. பாட்டும் விரிவுரையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதில்லை என்பது முதலாவது. பாட்டு தன் வேலையை முடித்து, உணர்வை நிறுவிவிட்டு ஓய்ந்த பிறகே உரைநடை வாய் திறக்கிறது. இரண்டாவது செய்தியை, இக்கலையைக் களத்தில் ஆராய்ந்து 1996-இல் நூல் வெளியிட்ட அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் பதிவு செய்துள்ளார்: பல இரவுகளில் திரைக்கு முன்னால் பார்வையாளர் எவரும் இருப்பதில்லை. தாரிகனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராவண வதத்தைக் காண இயலாமற்போன பத்திரகாளி இக்கூத்தைக் காண்கிறாள் என்ற நம்பிக்கையோடு, ஆளில்லா வெளியை நோக்கிப் புலவர்கள் விடியும்வரை கதை சொல்கிறார்கள். வாசகர் எவரும் எதிரில் இல்லாத தனிமையில் எழுதுபவருக்கும் இதே நிலைதான். கதை சொல்லும் மனநிலையை அவையோர் தராதபோது, பாட்டே அதைத் தர வேண்டியிருக்கிறது.

பாலக்காட்டுத் தேசங்களில் ஆடப்படும் கண்யார்களியிலும், அதன் புறாட்டு எனப்படும் வேடப் பகுதியில் தமிழ்ப் பாட்டும் பேச்சும் கலந்து வருகின்றன. வேடத்தின் சமூகம் மாறும்போது பாட்டின் மொழியும் மெட்டும் மாறுகின்றன. மாந்தர் யார் என்பதை அவர்கள் பேசத் தொடங்கும் முன்பே இசை அறிவித்துவிடுவதால், கதைமாந்தருக்கு ஒரு பாட்டு என்று பட்டியல் வகுக்கும் எழுத்தாளருக்கு இது நேரடியான முன்மாதிரி.

எல்லை தந்த இசை

இந்நிலத்தின் எழுத்தாளர்களுக்குத் தேர்ந்தெடுக்க இருக்கும் இசைச் செல்வம் வேறெந்தப் பகுதிக்கும் எளிதில் வாய்க்காதது. கர்நாடக இசைக்குப் பாலக்காடு செம்பை வைத்தியநாத பாகவதரையும் (1896–1974), மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரையும் (1912–1981), கே. வி. நாராயணசுவாமியையும் (1923–2002) தந்தது. பாலக்காட்டின் மஞ்சப்பறாவில் பிறந்த எம். டி. இராமநாதன் (1923–1984), தாழ்ந்த சுருதியில் மிக நிதானமான விளம்ப காலத்தில் பாடியவர். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே அவர் விடும் இடைவெளி, வாக்கியங்களை அவசரப்படுத்தும் எழுத்தாளருக்குப் பெரிய பாடம். மலையாளக் கவிஞர் சச்சிதானந்தன் அவர் பாட்டைப் பற்றியே கவிதை எழுதியிருப்பது, அந்த இசை எழுதுவோரை எவ்வளவு தூரம் தொட்டது என்பதற்குச் சான்று.

தமிழ்த் திரையிசையின் இரு பெரும் ஆளுமைகளும் இதே எல்லையின் இரு முனைகளில் பிறந்தவர்கள். எம். எஸ். விசுவநாதன் 1928-இல் பாலக்காட்டின் எலப்புள்ளியில் பிறந்தார். இளையராஜா 1943-இல், இடுக்கி மலைகளின் கீழ்ச்சரிவை ஒட்டிய பண்ணைப்புரத்தில் பிறந்தார். அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன், 1958-இல் நடந்த தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தோட்டம் தோட்டமாகச் சென்று தமிழ்த் தொழிலாளர் நடுவே பாடினார். ரோசம்மா வெற்றி பெற்றார். இளையராஜாவும் சிறுவயதிலேயே அண்ணனின் இசைக்குழுவோடு ஊர் ஊராகச் சென்று பாடி வளர்ந்தவர். 1976-இல் 'அன்னக்கிளி' திரைப்படம் வழியாகத் தமிழகமெங்கும் பரவிய அந்த நாட்டுப்புற மெட்டுகளுக்குப் பின்னால் கம்பம் பள்ளத்தாக்கும் அதன் மேலேயுள்ள தேயிலை மலைகளும் இருக்கின்றன. 1960, 70-களின் மூணாற்றைக் களமாகக் கொண்டு நாவல் எழுதுபவருக்கு, மேடையில் ஒலித்த தொழிலாளர் பாட்டும், கீழ்நாட்டு ஊர்த் திருவிழாவின் மெட்டும், வானொலியில் வந்த விசுவநாதன் பாட்டும் அக்காலத்தின் காற்றாகவே அமையும்.

அட்டப்பாடியின் இருளர் இசையும் இப்பட்டியலில் இடம்பெற வேண்டியது. தமிழுக்கு நெருங்கிய உறவுடைய இருளர் மொழியில் நஞ்சியம்மா பாடிய பாடல், 2020-இல் வெளிவந்த 'அய்யப்பனும் கோஷியும்' என்ற மலையாளத் திரைப்படத்தில் இடம்பெற்று, 2022-இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி என்ற பெருமையை அவருக்குத் தேடித் தந்தது. இந்தப் பாட்டு மலைவாழ் மக்களின் வாயில் முன்பே உயிரோடு இருந்தது. விருதுக்குப் பின்னரே அதைக் கேட்டவர்களுக்கு அது செய்தி. அம்மலையின் கதையை எழுத விரும்புபவருக்கு அது விருதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய கருப்பொருள்.

பட்டியல் வகுக்கும் செயலும் இங்குப் புதிதன்று. 1980-களில் ஒலிநாடாக் கடைகளில், விருப்பமான பாடல்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்து, 60 நிமிட அல்லது 90 நிமிட கேசட்டில் பதிவு செய்து வாங்கும் வழக்கம் பரவலாக இருந்தது. நாடாவின் ஒரு பக்கத்தில் சில பாடல்களே கொள்ளும் என்பதால், எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எதன் பின் எது வர வேண்டும் என்று தாளைத் திருத்தித் திருத்தி எழுதினார்கள். இன்றைய செயலிகளில் எண்ணற்ற பாடல்கள் கிடைப்பதால் அந்தத் தேர்வு உழைப்பு குறைந்துவிட்டது. கதைக்கான பட்டியலுக்கு அந்தப் பழைய கட்டுப்பாடே ஏற்றது.

பாட்டும் வாக்கியமும் மோதும் இடம்

எழுதும்போதே பாட்டு ஓடலாமா என்ற வினாவுக்கு உளவியல் ஆய்வுகள் தெளிவான எச்சரிக்கை தருகின்றன. பிரிட்டன் உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் 1974-இல் செயல் நினைவு என்ற கருத்தை வகுத்தார்கள். ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது அதற்கு வேண்டிய செய்திகளை மனம் சிறிது நேரம் ஏந்தி வைத்திருக்கும் இடமே செயல் நினைவு. சொற்களை ஒலி வடிவில் ஏந்துவது அதன் ஒரு பகுதி. எழுதுபவர் ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக் கட்டுவதும், எழுவாயை நினைவில் வைத்துக்கொண்டு பயனிலையைத் தேடுவதும் இந்தப் பகுதியில்தான் நடைபெறுகின்றன. தமிழில் பயனிலை வாக்கியத்தின் இறுதியில் வருவதால், எச்சங்களால் நீளும் ஒரு வாக்கியத்தை முடிக்கும்வரை அதன் தொடக்கத்தை ஏந்தியிருக்க வேண்டிய சுமையும் உண்டு.

பியர் சலாமேவும் பேட்லியும் 1982-இல் வெளியிட்ட ஆய்வு, காதில் விழும் தொடர்பில்லாத பேச்சு, அதைக் கவனிக்காதபோதும் குறுங்கால நினைவைக் குலைக்கிறது என்று காட்டியது. 1989-இல் அவர்களே செய்த மற்றோர் ஆய்வில், குரலிசை கருவியிசையை விட மிகுதியாக நினைவைக் குலைப்பது தெரிந்தது. சாரா ரான்ஸ்டெல், லீ கில்ராய் இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு நேரடியாக எழுத்தையே எடுத்துக்கொண்டது: கணினியில் கட்டுரை எழுதிய மாணவர்களுக்குப் பின்னணியில் இசை ஓடியபோது, அவர்கள் எழுதும் ஓட்டம் குறைந்தது. இசை கேட்டால் அறிவு கூர்மையாகும் என்று 1993-இல் எழுந்த 'மோட்சார்ட் விளைவு' பற்றிய பரபரப்பும் பின்னர் அடங்கியது. பிடித்த இசை ஊக்கத்தையும் மனநிலையையும் சற்று உயர்த்துவதே அந்த விளைவுக்குக் காரணம் என்று 2001-இல் கனடா ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஊக்கமும் மனநிலையும் எழுதத் தொடங்குவதற்கு முன்பே கிடைத்துவிடக் கூடியவை என்பதையும், இடையூறு எழுதும்போதே நேர்கிறது என்பதையும் சேர்த்து எண்ணினால், தோல்பாவைக்கூத்தின் வரிசைமுறையே இங்கும் சரியாகிறது.

எல்லைப்பகுதி எழுத்தாளருக்கு இதில் கூடுதலான ஒரு சிக்கல் உண்டு. தமிழில் எழுதும்போது வேற்றுமொழிப் பாட்டைக் கேட்டால் சொற்கள் மோதா என்று பலர் எண்ணுவர். அறியாத மொழியின் பேச்சும் எண்களை வரிசையாக நினைவில் வைக்கும் திறனைக் குலைக்கிறது என்றாலும், பொருளறிந்து படிக்கும் பணியில், புரிகின்ற மொழியே மிகுதியாக இடையூறு செய்கிறது. சித்தூரிலோ குமுளியிலோ வாழும் தமிழருக்கு மலையாளம் அறியாத மொழியன்று. சென்னை எழுத்தாளருக்கு வெறும் மெட்டாக ஒலிக்கக்கூடிய ஒரு மலையாளப் பாட்டு, பாலக்காட்டு எழுத்தாளருக்குச் சொல்லாகவும் பொருளாகவும் நினைவாகவும் வந்து சேர்கிறது. இரு மொழிச் செவி என்பது கதைக்குப் பெரும் வளம். ஆனால் வாக்கியம் உருவாகும் நேரத்தில் இரு மொழிப் பாட்டுகளும் ஓய்ந்திருக்க வேண்டும் என்பதே அவ்வளத்துக்கு அவர் கொடுக்கும் விலை.

எழுத்தாளர்களின் அனுபவம்

ஆய்வுக்கு மாறான அனுபவம் உடைய எழுத்தாளர்களும் உண்டு. எழுத்துக்கு வரும் முன்பே டோக்கியோவில் ஜாஸ் இசை விடுதி நடத்தியவரான ஜப்பானிய நாவலாசிரியர் ஹருகி முரகாமி, 1987-இல் வெளிவந்த 'நார்வேஜியன் வுட்' நாவலைக் கிரேக்கத்திலும் இத்தாலியிலும் தங்கி எழுதியபோது, பீட்டில்ஸ் குழுவின் ஒரே இசைத்தொகுப்பை வாக்மேனில் சுமார் 120 முறை கேட்டதாக அந்நாவலின் பின்னுரையில் குறிப்பிட்டுள்ளார். அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங், 2000-இல் வெளிவந்த தம் எழுத்துக்கலை நூலில், உரத்த ராக் இசையைக் கேட்டபடி எழுதுவதாகவும், உலகத்துக்குக் கதவைச் சாத்திக்கொள்ளும் ஒரு வழியாக அது தமக்குப் பயன்படுவதாகவும் விளக்குகிறார். இருவர் அனுபவத்தையும் கூர்ந்து நோக்கினால் ஆய்வோடு பெரிய முரண் இல்லை. நூறு முறைக்கு மேல் திரும்பத் திரும்பக் கேட்ட இசை செய்தி சொல்வதை நிறுத்திவிடுகிறது. பழகிப்போன உரத்த இசை, வீட்டுப் பேச்சையும் தெருச் சத்தத்தையும் மறைக்கும் சுவராகிவிடுகிறது. புதிய பாட்டை, அதுவும் சொற்செறிவுள்ள பாட்டை, எழுதும்போது கேட்பதற்கு இவ்விருவரின் அனுபவமும் சான்றாகாது.

எழுதாத நேரத்தில் கேட்ட பாட்டு ஒரு நாவலையே மாற்றியதற்குக் கசுவோ இஷிகுரோ சான்று. 2017-இல் ஆற்றிய நோபல் உரையில், 1989-இல் வெளிவந்த 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே' நாவலை முடித்துவிட்டதாக எண்ணியிருந்த ஒரு மாலையில், டாம் வெய்ட்ஸ் பாடிய 'ரூபிஸ் ஆர்ம்ஸ்' என்ற பாட்டைக் கேட்டதை அவர் நினைவுகூர்ந்தார். உணர்ச்சியை வெளிக்காட்டாத ஒருவனின் குரல் துயரம் தாளாமல் ஓரிடத்தில் உடைவதைக் கேட்ட பிறகு, தம் நாவலின் பட்லர் ஸ்டீவன்ஸும் ஓரிடத்தில், ஒரு கணம் மட்டும், தன் கவசம் விரிசலுற நிற்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். பாட்டின் ஒரு சொல்லும் நாவலில் இல்லை. பாட்டிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது, கட்டுப்பாடு எங்கே தளர வேண்டும் என்ற அறிவு.

தமிழில் இத்தகைய அறிவு முந்தைய தலைமுறையிடம் நிறைந்திருந்தது. அகில இந்திய வானொலியில் பணியாற்றிய தி. ஜானகிராமன், 'மோகமுள்' நாவலில் பாபுவின் இசைப் பயிற்சியையும் அவன் மோகத்தையும் பிரிக்க இயலாதபடி பின்னினார். 'செய்தி' என்ற சிறுகதையில், நாகசுர இசை ஒரு மேல்நாட்டு இசைக்கலைஞரைச் சென்றடையும் விதத்தைச் சொன்னார். மௌனியின் 'பிரபஞ்ச கானம்' ஒரு பெண்ணின் பாட்டில் உச்சம் கொள்கிறது. லா. ச. ராமாமிர்தத்தின் உரைநடை பொருளுக்கு முன்பே ஒலியால் வாசகரைப் பற்றுகிறது. இவர்கள் இசையை ஆண்டுக்கணக்கில் செவிமடுத்து உள்ளே தேக்கியவர்கள். அந்தத் தேக்கமே அவர்களுக்குப் பட்டியலாக இருந்தது.

பட்டியல் அமைக்கும் முறை

இவை அனைத்தையும் தொகுத்தால், கதைக்கான பாடல் பட்டியலுக்குச் சில நெறிகள் கிடைக்கின்றன. முதலாவது, எழுதுபவருக்குப் பிடித்த பாட்டை விடக் கதைமாந்தருக்கு வாய்த்த பாட்டுக்கு முன்னிடம் தர வேண்டும். தேவிகுளத்துத் தேயிலைத் தோட்டத்தில் 1950-களில் கொழுந்து பறித்த பெண் ஒருத்தியைப் பற்றி எழுதுபவர், அவள் பிறந்த கீழ்நாட்டு ஊரின் தாலாட்டையும் ஒப்பாரியையும், தோட்டத்துக் கோயில் திருவிழாவின் மேளத்தையும் தேடிக் கேட்க வேண்டும். 1990-களின் சோகத் திரைப்பாடல் அவருக்குக் கண்ணீரைத் தரலாம், அவளுடைய உலகைத் தராது. இலங்கையின் மலையகத்தில் இதை முறையாகச் செய்து காட்டியவர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984). தோட்டத் தொழிலாளரின் வாழ்வைக் கதைகளாகவும் நாவல்களாகவும் எழுதிய அவரே, அவர்களின் வாய்மொழிப் பாடல்களையும் தேடித் தொகுத்து நூலாக்கினார். பாட்டைத் தொகுத்த செவியும் கதையை எழுதிய கையும் ஒருவருடையதாக இருந்ததால்தான், அவர் எழுத்தில் மலையகத்தின் குரல் அதன் சொந்தச் சுருதியில் ஒலிக்கிறது.

இரண்டாவது, பட்டியல் சிறிதாக இருக்க வேண்டும். ஒரு காட்சிக்கு ஒன்றிரண்டு பாடல்களே போதும். மூன்றாவது, பாட்டை எழுத அமரும் முன் முழுக் கவனத்தோடு கேட்டு முடித்துவிட வேண்டும். வேறு வேலை செய்தபடி கேட்ட பாட்டு மனத்தில் நிலைபெறாது. நாள்தோறும் அதே பாட்டில் தொடங்கினால், சில வாரங்களில் முதல் சில சுரங்களே முந்திய நாள் விட்ட இடத்துக்கு எழுதுபவரைக் கொண்டுபோய்விடும்.

நான்காவது, எழுதும்போது ஓசை இல்லாமல் முடியாது என்போர் சொல்லில்லாத இசையைத் தேர்வது நலம். இதற்கும் எல்லை நிலத்தில் குறைவில்லை. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986), ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு அமைந்த 'நத்திங் பட் விண்ட்' (1988) ஆகிய தொகுப்புகள் உள்ளன. பாலக்காட்டுக் கோயில்களின் பஞ்சவாத்தியம், திமிலை, மத்தளம், இலைத்தாளம், இடக்கை, கொம்பு ஆகிய ஐந்து கருவிகளால் அமைந்தது. திரிபுட தாளத்தில், முதல் காலத்தில் 896 அட்சரங்கள் கொண்ட ஒரு சுற்று, அடுத்த காலங்களில் 448, 224, 112 எனப் பாதி பாதியாகக் குறைந்து வேகம் கொள்ளும். அட்சரம் என்பது தாளத்தை அளக்கும் சிற்றலகு. நீண்ட அத்தியாயங்களில் தொடங்கி இறுதியை நெருங்க நெருங்க விரையும் நாவலுக்கு இதைவிடத் தெளிவான கட்டமைப்புப் பாடம் கிடைப்பது அரிது. ஆயினும் அதையும் முதலில் கேட்டுப் புரிந்துகொண்ட பிறகே பின்னணியில் ஓடவிட வேண்டும்.

ஐந்தாவது நெறியே அனைத்திலும் முக்கியமானது. பாட்டு எழுப்பிய உணர்வைத் தாளில் எழுதிவிட்டதாக மயங்கக் கூடாது. நல்ல பாட்டு ஒலிக்கும்போது சாதாரண வாக்கியமும் ஆழமாகத் தோன்றும். அந்த ஆழம் பாட்டினுடையது. வாசகர் அந்தப் பாட்டைக் கேட்கப் போவதில்லை. அவர் கையில் இருப்பது சொற்கள் மட்டுமே. ஆகவே எழுதி முடித்த பகுதியை மறுநாள், எந்த இசையும் இல்லாமல், வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். அப்போதும் உணர்வு நிற்குமானால் அது எழுத்தில் இருக்கிறது. நிற்காவிட்டால் இன்னும் பாட்டிலேயே இருக்கிறது, எழுத்தாளரின் வேலை முடியவில்லை.

செய்ய வேண்டியது

எல்லைப்பகுதியின் தமிழ் எழுத்து வளர வேண்டுமானால், அதன் ஒலிச் செல்வம் எழுதுவோரின் கைக்கு எட்ட வேண்டும். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை இருக்கிறது. பாலக்காட்டில் செம்பை பெயரால் அரசு இசைக் கல்லூரி இயங்குகிறது. தேவிகுளத்தில் அகில இந்திய வானொலி நிலையம் உள்ளது. தோட்டங்களில் முதியோர் பாடும் ஒப்பாரியையும் தாலாட்டையும், கண்யார்களிப் பாட்டையும், இருளர், முதுவர், மன்னான் மக்களின் பாடல்களையும், அவர்களின் இசைவோடும் உரிமையை மதித்தும் பதிவு செய்து, ஊர், காலம், பாடும் சூழல் ஆகிய குறிப்புகளோடு பொதுப் பயன்பாட்டுக்கு வைக்கும் பணியை இத்தகைய நிறுவனங்கள் கூடி மேற்கொள்ள முடியும். தனியார் செயலிகள் 'சோகம்', 'மழை', 'காதல்' என்று பொதுப்பெயரிட்டு வழங்கும் பட்டியல்களில் உடும்பன்சோலையின் மழைக்கும் சென்னையின் மழைக்கும் வேறுபாடு இல்லை. கதைக்கு அந்த வேறுபாடே உயிர்.

நிலத்தையும் பொழுதையும் முதலில் வைத்து, அந்நிலத்தின் ஒலியை அடுத்து வைத்து, மாந்தரின் உணர்வை அவற்றின்மீது எழுப்பிய இலக்கணம் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. அதை இன்றைய எழுத்து மேசைக்குக் கொண்டுவருவதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. கதைமாந்தரின் ஊருக்குச் சென்று, அங்கே என்ன பாடுகிறார்கள் என்று கேட்கும் பொறுமை போதும். அப்படிக் கேட்டு வகுத்த பட்டியல் பத்துப் பாடல்களே கொண்டதாயினும், எழுதுபவரின் மனநிலையை மட்டும் கருதி வகுத்த நூறு பாடல்களை விடக் கதைக்கு மிகுதியாக உதவும்.